மண்டபத்து மரத்துப் புழு

சாலம்மாளுக்குப் புழு ஆகாது. பாம்பு வந்தால் கம்பை எடுத்துக்கொண்டு எதிரே போவாள். தேளைச் செருப்பால் நசுக்கி, அதே செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பாள். கல்யாணப் பந்தியில் ஊரே சாப்பிட்டு எழுந்த எச்சில் இலைகளை, பாயசம் வழிய வழிய, இரண்டு கையாலும் வாரிக் கூடையில் போடுவாள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. ஆனால் கத்தரிக்காயை நறுக்கும்போது உள்ளே ஒரு புழு நெளிந்துவிட்டால் போச்சு. அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடுவாள். அன்றைக்கு அவள் வீட்டில் வெறும் சோறும் ஊறுகாயும்தான்.

சும்மா வந்த வியாதி இல்லை அது. கல்வராயன் மலையடிவாரத்தில், குடிசைக்கு முன்னால் நின்ற பழைய முருங்கையின் தடித்த கிளையில் தூளி கட்டி, கைக்குழந்தையாக இருந்த அவளைப் போட்டுவிட்டு அவள் தாய் இருசம்மாள் பக்கத்துக் கொல்லையில் களையெடுக்கப் போயிருந்தாள். அடைமழை விட்ட சமயம். முருங்கையின் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடந்ததை அவள் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது தூளிக்குள் குழந்தையின் கண், வாய், கழுத்து மடிப்பு எங்கும் அவை ஊர்ந்துகொண்டிருந்தன. உடம்பு தடித்துத் தடித்து வீங்க, குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்ததாம். சாலம்மாளுக்கு அது ஒன்றும் நினைவில்லை. அவள் தோலுக்கு மட்டும் எல்லாம் நினைவிருந்தது. புழு என்று யாராவது சொன்னாலே முழங்கையிலிருந்து தோள்வரை கூசிக்கொண்டு போகும்.

அம்மாசியைக் கட்டிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனாள். கரும்பின் காய்ந்த சோகையை உரிக்கும்போது தண்டுப்புழு கிடந்தால் அம்மாசிதான் முன்னால் வந்து தட்டிவிடுவான். "இத்தனூண்டு புழு, இதுக்குப் போயி இந்தக் குதி குதிக்கிறியே" என்று சிரிப்பான். அந்தப் புண்ணியவான் ஒரு மார்கழியில் கரும்புக்குள் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தான். மகள் கமலாவைக் கையில் பிடித்துக்கொண்டு சாலம்மாள் கள்ளக்குறிச்சிக்கு வந்தாள். வீரமுத்து புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தில் கூட்டவும் கழுவவும் இலை எடுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. டவுன் எல்லையில் அவளுடைய சனங்கள் இருந்த தெருவிலேயே ஒரு குடிசை கிடைத்தது.

வீரமுத்துவுக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கம் நஞ்சையும் புஞ்சையுமாக நிறைய நிலம். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பெருமைக்கு எருமை மேய்க்கிற ஆள், அவ்வளவுதான். சேலத்தில் எவரோ ஒருவர் மண்டபத்துக்கு முன்னால் சீமையிலிருந்து வந்த விலாயத்து மரம் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. கரியாலூரில் பழைய பங்களா ஒன்றின் தோட்டத்தை அழிக்கிறார்கள் என்று தெரிந்ததும் டிராக்டரை மலை ஏற்றி, வேரோடு இரண்டு மரத்தைக் கொண்டுவந்து வாசலுக்கு இருபுறமும் நட்டார். இடுப்பளவு உயரத்தில் கரடுமுரடான கட்டை. தலையில் ஈச்சை ஓலைபோல விரிந்த மட்டைகள்.

"ஈச்ச மரமா?" என்று சாலம்மாள் கேட்டாள்.

மரத்தோடு வந்த தோட்டக்காரர் பச்சமுத்து தலையை ஆட்டினார். "ஈச்சையும் இல்ல, பனையும் இல்லம்மா. மேல பங்களாவுல ஊசிமரம் நிக்குதே, பைனு, அதுக்குப் பங்காளி மொற. இது பூக்காது. கூம்புதான் வெக்கும். பேரு சைக்கஸு. வருசத்துக்கு ஒரு வாட்டிதான் குருத்து வுடும், எல்லாம் ஒண்ணா வுடும். அதக் காப்பாத்திட்டா மரம் ராசாவாட்டம் நிக்கும்."

ஊர் அதைச் சீமை ஈச்சை என்று கூப்பிட்டது. தண்ணீர் ஊற்றுகிற வேலை சாலம்மாளுக்கு வந்தது.

அடுத்த கோடையில் ஒரு மழை பெய்ததும் இரண்டு மரமும் குருத்து விட்டன. கட்டையின் உச்சியிலிருந்து பத்திருபது குருத்து ஒரே நேரத்தில், நுனி சுருண்டு, கன்றுக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று மேலே வந்தன. அதோடு கூடவே பட்டாம்பூச்சிகளும் வந்தன. கட்டைவிரல் நகத்தளவுகூட இருக்காது ஒவ்வொன்றும். இறக்கை விரித்தால் நீலம், மூடினால் சாம்பல். குருத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, ஒரு நொடி உட்கார்ந்து, வாலை மடித்து எதையோ ஒட்டிவிட்டு எழுந்தன.

வீரமுத்துவின் மனைவி தங்கமணி இதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பட்டாம்பூச்சி வந்தா வூட்டுல சுபகாரியம் நடக்கும்டி சாலம்மா. வெரட்டாத." அவருடைய மூத்த மகளுக்கு எத்தனையோ வரன் பார்த்தும் எதுவும் அமையாமல் இருந்தது. சாலம்மாளுக்கும் அந்த நீலப் பூச்சிகள் பிடித்துத்தான் இருந்தன. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள்.

ஒரு வாரம் போனது. குருத்தின் மேல் ஏதோ அசைகிறதே என்று குனிந்தவள் குடத்தைக் கீழே போட்டாள். பச்சையும் அழுக்குச் சிவப்புமாக, தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல், மூக்குச்சளி உறைந்த மாதிரி புழுக்கள். ஒவ்வொரு மடலிலும் பத்து, பதினைந்து. குருத்தின் சதையை வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் மேல் கருப்பெறும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எறும்பு புழுவைக் கடிக்கவில்லை. அதன் பின்பக்கத்தைத் தட்டித் தட்டிக் கொடுத்தது. புழு அங்கிருந்து பாகுபோல ஒரு சொட்டை விட்டது. எறும்பு வாய் வைத்து உறிஞ்சியது.

சாலம்மாள் வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள்.

அதோடு விட்டதா? "பொறுக்கிப் போடு" என்றார் வீரமுத்து. மருந்தடிக்க அவர் சம்மதிக்கவில்லை. வாசலில் மருந்து நாற்றம் அடித்தால் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்களாம். சாலம்மாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கிள்ளி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டாள். கிள்ளும்போது சில நசுங்கிப் பச்சைத் தண்ணீர் துணியைத் தாண்டி விரலில் பட்டது. புழுவைத் தொட்டால் எறும்பு வந்து மணிக்கட்டில் கடித்தது. தன் பால்மாட்டை எவனோ ஓட்டிப் போகிறான் என்பது மாதிரி அப்படி ஒரு ரோஷம் அந்த எறும்புகளுக்கு! அன்று இரவு கமலா சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட வேண்டியிருந்தது. சாலம்மாளுக்குத் தன் விரலை வாயருகே கொண்டுபோக முடியவில்லை.

எவ்வளவு பொறுக்கினாலும் மிச்சம் இருந்த புழுக்களே போதுமானதாக இருந்தன. குருத்துகள் விரியும்போது நடு நரம்பு மட்டும் நின்றது, மீன் தின்று போட்ட முள் மாதிரி. வீரமுத்துவோ புதுமட்டை வருகிறதே என்ற தைரியத்தில் பழைய மட்டைகளை வெட்டச் சொல்லியிருந்தார். புதியதும் இல்லை, பழையதும் இல்லை. கல்யாண வாசலில் இரண்டு மொட்டைக் கட்டைகள் நின்றன.

இது ஒரு வருசக் கதை இல்லை. ஒவ்வொரு வருசமும் இதே கூத்து. போதாக்குறைக்கு ஜோசியர் ஒருவர் தங்கமணியிடம், சனி தோஷம் கழிய மரத்தடியில் எறும்புக்குப் பச்சரிசி மாவும் சர்க்கரையும் போடச் சொன்னார். வன்னி மரத்தையும் அரச மரத்தையும் தேடிப் போகச் சோம்பலாக இருந்ததோ என்னவோ, தங்கமணி சீமை ஈச்சையின் அடியிலேயே போட ஆரம்பித்தார். காலையில் குளித்து, ஈரத்தலையில் துண்டோடு, ஒரு கிண்ணம் மாவு. ஒரு சாரை இருந்த இடத்தில் பத்துச் சாரை ஆயிற்று. முன்பெல்லாம் குளவி ஒன்றிரண்டு வந்து புழுவைத் தூக்கிப்போகும். இப்போது அதுவும் கிட்டே வர முடியவில்லை. தின்பதற்குப் புழு, காவலுக்கு எறும்பு, எறும்புக்குச் சம்பளம் முதலாளியம்மாவின் மாவு. நன்றாக நடந்தது குடித்தனம்!

ஒருநாள் சாலம்மாள் மரத்தடியை நன்றாகக் கொத்திவிட்டு, கட்டையின் சொரசொரப்பில் உதிர்ந்து கிடந்த பிசிறுகளைக் கூடையில் வாரி, பின்பக்கம் வைத்துவிட்டு மறந்துபோனாள். அதற்குள் உளுந்துபோலப் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தன. விதை என்று நினைத்தாள். சில நாள் கழித்துக் கூடையை எடுத்தால் ஒரு விதை வெடித்து, உள்ளிருந்து ஈரமாக, கசங்கிய துணிபோல ஒன்று நெளிந்து வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். துணி விரிந்தது. நீலம்.

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கூசியது. இத்தனை வருசம் நின்று ரசித்தது இதையா? அந்தச் சளியும் இந்தப் பட்டும் ஒரே பிறவியா? ஓடிப்போய்த் தங்கமணியிடம் சொன்னாள்.

"அம்மா, அந்தப் பட்டாம்பூச்சிதான் புழு வெக்கிதுங்க. என் கண்ணால பாத்தேன். அத வெரட்டணும்."

"வாயக் கழுவுடி. பட்டாம்பூச்சி மகாலச்சுமி. அது எங்க, புழு எங்க? பொறுக்கறதுக்கு ஒடம்பு வணங்கல, அதுக்கு ஒரு சாக்கு ஒனக்கு."

அதற்குப் பிறகு சாலம்மாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மொட்டை மரம் வெறும் மொட்டை மரமாக நின்றிருந்தால் பரவாயில்லை. ஊர் வாய் இருக்கிறதே! "பட்டுப்போன மரம் நிக்கிற வாசல்ல தாலி கட்டறதா?" என்று இரண்டு வீட்டார் வேறு மண்டபம் பார்த்துக்கொண்டு போனார்கள். தாலி அறுத்தவள் கையால் தண்ணீர் ஊற்றினால் எப்படித் தழைக்கும் என்று மேளக்காரன் வரைக்கும் பேசினான். அது சாலம்மாள் காதில் விழுந்தது; அவள் விளக்குமாற்றை இன்னும் அழுத்திக் கூட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் வீரமுத்து வாக்குக் கொடுத்தார். கமலாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். சின்னதுரை என்று பையன், கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன், பேச்சில் மரியாதை உள்ளவன். சாலம்மாள் இரண்டு நாள் லீவு கேட்கப் போனாள். வீரமுத்து வாசலில் நின்று மரத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"சாலம்மா, இந்த வருசம் என் பொண்ணுக்கும் கூடி வந்திருக்குது. வைகாசியில வெக்கிறோம். இந்தக் குருத்து மட்டும் முழுசா விரிஞ்சு நிக்கட்டும், ஒம் பொண்ணு கல்யாணத்த இதே மண்டபத்துல வெச்சுக்க. வாடகை வேணாம், ஒண்ணும் வேணாம். இது வீரமுத்து வாக்கு."

சாலம்மாள் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மண்டபத்தின் தரையில் அவள் கை படாத கல் இல்லை. ஆனாலும் அவள் தெருவிலிருந்து எவரும் துடைப்பம் இல்லாமல் அந்தப் படி ஏறியதில்லை. தெருவில் போய்ச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். கமலா மட்டும், "பேச்சு பேச்சாத்தாம்மா இருக்கும்" என்றாள். "போடி, பெரிய மனுசன் வாக்கு" என்று சாலம்மாள் அவள் வாயை அடைத்தாள்.

சித்திரை மழைக்கு இடப்பக்கத்து மரம் முளை காட்டியது. வலப்பக்கத்து மரம் அந்த வருசம் என்னவோ சும்மா இருந்தது. அதே நேரத்தில் மகள் கல்யாணத்துக்காக மண்டபத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். "சுண்ணாம்பு தெறிச்சா குருத்து வெந்து பூடும், மூடி வை" என்று மேஸ்திரி சொன்னார். சமையல்கட்டில் சாதம் வடிக்கிற பழைய மல்லுத்துணி கிடந்தது. சாலம்மாள் நாலு மூங்கில் குச்சி நட்டு, துணியைச் சுற்றி, அடியில் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். சுண்ணாம்புக்குத்தான் கட்டினாள். நீலப் பூச்சிகள் வந்து துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதைக் கவனித்தபோது அவளுக்குள் ஏதோ இடித்தது. பூச்சி உட்கார இடம் இல்லாவிட்டால் புழு ஏது? வெள்ளையடித்து முடிந்த பிறகும் அவள் துணியை அவிழ்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவிழ்த்தபோது வீரமுத்து மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கரும்பச்சையாக, பளபளப்பாக, ஒரு பல்கூட விழாத சீப்பு மாதிரி மட்டைகள் வட்டமாக விரிந்து நின்றன. மாப்பிள்ளை, பெண், சம்பந்திகள் என்று எல்லாரும் அந்த மரத்தடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "எல்லாம் நான் எறும்புக்கு மாவு போட்ட பலன்" என்று தங்கமணி வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாலம்மாள் இலை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆவணியில் இதே இடத்தில் கமலா நிற்பதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்ததும் போய்க் கேட்டாள். வீரமுத்து ஆபீஸ் அறையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆவணியில நாள் குறிச்சிட்டோம்ங்க, மொதலாளி. நீங்க சொன்ன மாதிரி..."

"ஆவணியா? ஆவணி பூரா புக்கிங் ஆயிப்போச்சே."

"பொரட்டாசியில வெக்க முடியாதுங்க. ஐப்பசின்னாலும் பரவாயில்லீங்க."

அவர் ஃபேனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். உள்ளேயிருந்து தங்கமணி வந்தார். அவர் குரல் எப்போதும்போல் மெதுவாக, பிரியமாகவே இருந்தது.

"தப்பா எடுத்துக்காத சாலம்மா. ஒங்க தெரு ஜனம் வந்து பந்தியில ஒக்காந்து சாப்ட்டாங்கன்னு வெளிய தெரிஞ்சா, அப்புறம் யாரு இங்க வந்து எல போடுவாங்க? நான் ஒண்ணும் சொல்லல, ஊரு அப்பிடி. அவங்களுக்கு அருவருப்பா இருக்கும்ல?"

"வேணும்னா பின்னால ஜெனரேட்டர் ஷெட்டாண்ட பந்தல் போட்டுக்க" என்றார் வீரமுத்து. "கரண்டு நான் தர்றேன்."

அருவருப்பு. சாலம்மாளுக்கு அந்தச் சொல் புதிதில்லை. பிறந்ததிலிருந்து அதோடு குடித்தனம் நடத்துகிறவள். ஆனால் எதிராளி வாயிலிருந்து அது தன்மேல் வந்து விழுந்தபோதுதான், ஊர்ந்து வருகிற புழுவுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தது. இந்தக் கைதான் அவர்கள் எச்சிலை வாரியது. குடித்துவிட்டு வந்த அவர்கள் மாமன் மச்சான்கள் கக்கி வைத்ததைக் கழுவியது. அப்போதெல்லாம் யாருக்கு அருவருப்பு வர வேண்டும்? சாலம்மாள் வெளியே வந்தாள். வேலியோரம் குனிந்து நின்றாள். இந்த முறை வாந்தி வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கமலாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "தெருவுலயே வெச்சுக்கலாம்மா. அந்த மண்டபத்துச் சோறு எனக்கு எறங்காது" என்றாள். சின்னதுரை வீட்டாரும், "மண்டபத்தையா கட்டப்போறான், பொண்ணத்தான" என்று சிரித்துவிட்டார்கள். ஆவணியில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, மைக் செட் அலற, கல்யாணம் நடந்தது. தெருவே பந்தியில் உட்கார்ந்தது. இலை எடுக்கச் சாலம்மாளை யாரும் விடவில்லை. அவளும் எல்லாரோடும் சிரித்தாள். தங்கமணியின் பேச்சை நேரில் கேட்டவளுக்கு வயிறு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

வயிறு எரிந்தாலும் வயிற்றுக்குச் சோறு வேண்டுமே. மறுபடி வேலைக்குப் போனாள். புரட்டாசி மழையில், அதுவரை சும்மா இருந்த வலப்பக்கத்து மரம் குருத்து விட்டது. இடப்பக்கத்தில் ஒன்று ராஜாவாக நிற்க, இந்தப் பக்கம் மொட்டையாக இருப்பது வீரமுத்துவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "அதே மாதிரி துணி கட்டிடு, சாலம்மா. ஐப்பசி முகூர்த்தத்துக்குள்ள ரெண்டும் ஜோடியா நிக்கணும்" என்றார். அவர் குரலில் பழைய வாக்கின் சுவடுகூட இல்லை. மறந்தே போயிருந்தார். சாலம்மாள் "சரிங்க" என்று துணி கட்டினாள்.

மறுநாள் காலை அவளே அதை அவிழ்த்தாள். துணியை மடித்துச் சமையல்கட்டில் வைத்தாள். நீலப் பூச்சிகள் எங்கிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தனவோ, வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டன. அவள் தண்ணீர் ஊற்றினாள். அடுத்து வந்த நாட்களிலும் தண்ணீர் ஊற்றினாள், மரத்தடியைக் கூட்டினாள், மண்ணெண்ணெய் டப்பாவைத் தொடவில்லை. துணி எங்கே என்று வீரமுத்து கேட்டதற்கு, "குருத்துக்குக் காத்து வேணும்ங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அறுவடை பார்க்க ஊருக்குப் போய்விட்டார்.

ஒரு காலை அவள் கூட்டிக்கொண்டிருந்தபோது படியில் ஒரு புழு கிடந்தது. கொழுத்த புழு. மேலிருந்து விழுந்திருக்க வேண்டும். எறும்புகள் அதைச் சுற்றி என்ன செய்வது என்று தெரியாமல் அலைந்தன. சாலம்மாள் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள். கையில் துணி சுற்றவில்லை. இரண்டு விரலால் எடுத்தாள். சில்லென்று, மெத்தென்று, உள்ளங்கையில் அது நெளிந்தது. அவள் கூச்சத்துக்காகக் காத்திருந்தாள். முழங்கையில் இல்லை, தோளிலும் இல்லை. புழு பாவம், அது பசிக்குத் தின்கிறது. அதற்கு வாக்குக் கொடுக்கத் தெரியாது. மெதுவாகக் கையைத் தூக்கி, இன்னும் கடிபடாத ஒரு குருத்தின் மேல் அதை ஊரவிட்டாள்.

"தின்னு" என்றாள்.

அப்போது தங்கமணி ஈரத்தலையும் கிண்ணமுமாக வாசலுக்கு வந்தார். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்திருந்தது. வேண்டுதல் இப்போது பிள்ளைக்காகத் தொடர்ந்தது. மரத்தருகே வந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது.

"இன்னா சாலம்மா, குருத்துல புழு கிழு இருக்குதா?"

சாலம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லீங்கம்மா. பட்டாம்பூச்சிதான் ஜாஸ்தியா வந்துக்கினு இருக்குது. நல்ல சகுனம்."

தங்கமணி கன்னத்தில் போட்டுக்கொண்டு, குனிந்து, கிண்ணத்து மாவு முழுவதையும் மரத்தடியில் கொட்டினார்.